25 டேப்லெட்டா, 5 புது கம்ப்யூட்டரா? இரண்டும் வேண்டாம் டீச்சர்

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை 96 பிள்ளைகள், பெரும்பாலும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வளைகுடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் 2 லட்சம் ரூபாய் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் 8,000 ரூபாய் வீதம் 25 டேப்லெட் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் 40,000 ரூபாய் வீதம் 5 புது கம்ப்யூட்டர். எதை வாங்கலாம்? விலை குறைந்த கம்ப்யூட்டரைக் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே படிப்பு வருமா?

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிந்துவிடும். மார்த்தாண்டத்தில் 19 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். மாவட்டத்தில் பல பள்ளிக்கூட லேப்களைத் திறந்து வைத்தும் இருக்கிறேன், மூடிக் கிடந்ததைத் தூசி தட்டி எழுப்பியும் இருக்கிறேன்.

இந்தக் கேள்வியை உலகமே ஒருதடவை கேட்டுப் பார்த்தது. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே, 100 டாலருக்கு ஒரு லேப்டாப் செய்து ஏழை நாடுகளில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்று கொடுக்கப் போகிறேன் என்று சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அறிவித்தார். அந்த வருடம் நவம்பரில் துனிஸ் நகரில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரியைக் காட்டினார். பளிச்சென்ற பச்சை நிறத்தில், பக்கத்தில் கரண்டுக்காகக் கையால் சுற்றும் பிடியோடு இருந்தது. 2007 நவம்பரில் உற்பத்தி தொடங்கியபோது அந்தப் பிடி இல்லை, விலையும் 180 டாலரைத் தாண்டிவிட்டது.

ஆனால் எக்ஸ்ஓ என்று பெயர் வைத்த அந்த லேப்டாப்பை ஒரு மெக்கானிக்காகப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஃபேன் கிடையாது, சுற்றும் ஹார்டு டிஸ்க் கிடையாது, அதனால் தூசி உள்ளே போய்க் கெடுக்கிற வழி குறைவு. கீபோர்டு முழுக்க ரப்பர் மூடி, தண்ணீர் சிந்தினாலும் உள்ளே இறங்காது. 7.5 அங்குலத் திரை, நடு வெயிலில் வைத்தும் படிக்கலாம். 433 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 1 ஜிபி சேமிப்பு. இன்றைக்கு அற்பமாகத் தெரியும் அளவுகள்தான், ஆனால் மிகக் குறைந்த கரண்டில் ஓடியது. திறந்து பார்க்கப் பயப்பட வேண்டாம் என்று உபரித் திருகாணிகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்றே யோசித்துச் செய்த பொருள் அது.

அப்படிப்பட்ட மெஷின் இரண்டு நாடுகளுக்குப் போய் இரண்டு விதமாக முடிந்தது. பெரு நாட்டில் லட்சக்கணக்கில் வாங்கி மலைக்கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். இன்டர்அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆய்வு செய்து 2012-ல் முடிவை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. யோசிக்கும் திறனைப் பார்க்கும் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட் இல்லை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை.

உருகுவே வேறு வழியில் போனது. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 34 லட்சம்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம், ஆக நம்மைப்போல் இரண்டு மாவட்டம்கூட வராத நாடு. 2007-ல் கார்டால் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தார்கள். பிளான் செய்பால் என்று பெயர். அதற்கென்று தனி நிறுவனம் வைத்தார்கள். பள்ளிகளுக்கு இணைப்பு, பழுதானால் சரிசெய்ய ஆள், ஆசிரியருக்குப் பயிற்சி எல்லாம் அதன் பொறுப்பு. 2012-லிருந்து வீடியோ வழியாக வெளியூர் ஆசிரியரை வகுப்புக்குள் கொண்டுவந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நேரத்திலும் வகுப்பு டீச்சர் கூடவே நிற்பார். மதிப்பெண்கள் அங்கேயும் தடாலடியாக உயரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் திட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதன்மேல் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

இந்தியா அந்த லேப்டாப்பை 2006-லேயே வேண்டாம் என்றது. நாமே செய்து பார்த்ததும் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் இருந்த குழு உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், அப்புறம் 2011 அக்டோபரில் டெல்லியில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட். ஆகாஷ் மாணவர்களுக்கு 35 டாலர் என்று உலகப் பத்திரிகையெல்லாம் எழுதின. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், அழுத்தித் தொட வேண்டிய திரை, சீக்கிரம் இறங்கிவிடும் பேட்டரி. ஒரு பாடப் பக்கத்தைத் திறக்கவே பிள்ளை காத்திருக்க வேண்டும். அடுத்த வருடமே மேம்படுத்திய ஆகாஷ் 2 வந்தது, ஆனாலும் நிலைக்கவில்லை. உங்களிடம் 8,000 ரூபாய் டேப்லெட் பேசும் கடைக்காரரை நினைக்கும்போது எனக்கு ஆகாஷ்தான் ஞாபகம் வருகிறது.

தமிழ்நாட்டு லேப்டாப் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்த லேப்டாப் இல்லாத தெரு நம்ம மாவட்டத்தில் இருக்காது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு அதுதான் வீட்டின் முதல் கம்ப்யூட்டர். அது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன் அந்த லேப்டாப்பிலேயே புரோகிராமிங் பழகி வேலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அதே நேரம், இரண்டு வருடத்தில் பேட்டரி செத்து, மூன்றாம் வருடம் கீபோர்டு போய், பரணில் ஏறிய லேப்டாப்கள் என் கடைக்கு வந்த கணக்குக்கு அளவில்லை. வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதிலெல்லாம் நான் கண்டது ஒன்றுதான் டீச்சர். மெஷினின் விலை சின்னச் செலவு. உங்கள் பள்ளிக்கூடத்திலேயே திறந்து, கழற்றி, சரிசெய்து மாட்டக்கூடிய கம்ப்யூட்டர்தான் உங்களுக்கு மலிவான கம்ப்யூட்டர். திறக்க முடியாத மெஷின் இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்.

சொந்த அனுபவம் சொல்கிறேன். சில வருடம் முன்பு கடற்கரையோரம் ஒரு பள்ளியில் 15 கம்ப்யூட்டர் லேப் போட்டுக் கொடுத்தேன். 14 மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள், போனால் ஏழு ஓடவில்லை. ஒன்றைத் திறந்தேன். சைடு கவரைக் கழற்றும்போதே உப்பு வாடை. பவர் சப்ளையின் தகட்டில் துரு, மதர்போர்டில் திருகாணி உட்காரும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ரேமை உருவினேன், தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய கால்கள் மங்கிப் போயிருந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பென்சில் ரப்பர் வாங்கி அந்தக் கால்களை மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, திரும்ப மாட்டிப் பட்டனைத் தட்டினேன். ஒரு பீப், திரையில் வெளிச்சம். “இவ்வளவுதானா சாரே?” என்று கேட்டாள். அடுத்த மெஷினை அவள்தான் தேய்த்தாள், அதுவும் ஓடியது. அன்றைக்கு ஏழில் நான்கு எழுந்து உட்கார்ந்தன. ஒரு ரூபாய் செலவில்லை.

மீதி மூன்றும் மின்னலில் போனவை. அறைக்கு எர்த் சரியில்லை, அது என் வேலையில் நான் முதலில் பார்த்திருக்க வேண்டியது. இன்னொன்றும் அன்று தெரிந்தது. லேப் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. கெட்டுவிட்டால் பழி வருமே என்ற பயத்தில் வாரம் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. பூட்டிய அறையில் உப்புக்காற்றுக்கு வேலை எளிது. தினமும் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிவிடும்.

இனி உங்கள் 2 லட்சத்துக்கு வருவோம்.

25 டேப்லெட் வேண்டாம். கண்ணாடி உடைந்தால் மாற்றுகிற செலவு பாதி விலையைத் தொடும், பேட்டரி ஒட்டி வைத்திருப்பார்கள், இரண்டு வருடத்தில் அந்த மாடலின் உதிரிப்பாகம் கிடைக்காது. அதைவிட முக்கியம், டேப்லெட்டில் பிள்ளை பார்க்கும், தொடும்; எழுதுவது குறைவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தி தட்டச்சு செய்து, திருத்தி, திரும்ப வாசிப்பதில்தான் படிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குக் கீபோர்டு வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கென்று நீங்கள் கேட்டிருந்தால் நாலைந்து டேப்லெட்டுக்குச் சரி என்றிருப்பேன்.

5 புது கம்ப்யூட்டரும் வேண்டாம். ஒரு வகுப்புக்கு 32 பேர் வைத்தால் ஒரு மெஷினைச் சுற்றி ஆறேழு தலை. முன்னால் உட்காரும் ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் பத்து வாங்குங்கள். இப்போது அதற்கு நல்ல காலம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெலில் 8-ஆம் தலைமுறை பிராசசர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் எல்லாம் கேட்கும். அதனால் ஐ.டி. கம்பெனிகளும் வங்கிகளும் 6, 7-ஆம் தலைமுறை மெஷின்களை மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாகர்கோவிலுக்கும் வருகின்றன. அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை. 8 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுற்றும் பாகமில்லாத 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பள்ளிக்கூட வேலைக்கு இன்னும் ஐந்தாறு வருடம் தாராளமாக ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கோடு மட்டும் வாங்காதீர்கள், அதுதான் முதலில் சாகும்.

தடித்த புத்தகம் அளவில் மினி பிசி என்று வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். பத்தும் ஒரே மாடலாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே மாடல் என்றால் ஒன்று செத்தாலும் அதன் ரேம், அடாப்டர், ஃபேன் மற்ற ஒன்பதுக்கும் உதவும். ஐந்து கம்பெனியில் ஐந்து மாடல் தானமாக வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான்.

நான் கடைசியாக வாங்கிக் கொடுத்த விலையில் கணக்குப் போடுகிறேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்த்து ஒரு செட் 11,000. பத்து செட் 1,10,000. இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் பேட்டரியும் 25,000. வயரிங், எர்த் குழி 15,000. வைஃபை ரவுட்டரும் ஒரு குட்டி சர்வரும் 12,000. மொத்தம் 1,62,000. மீதி 38,000 ரூபாயைத் தொடாமல் பேங்கில் போட்டு வையுங்கள், அது அடுத்த மூன்று வருடத்துப் பழுதுபார்ப்புக்கு. பணம் அனுப்பிய பழைய மாணவர்கள் “மிச்சப் பணத்துக்கு இன்னும் மூன்று வாங்கலாமே” என்று சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். பெருவில் நடந்ததை அவர்களிடம் சொல்லுங்கள்.

மினி பிசியும் எல்.இ.டி. மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 40 வாட்ஸ் அளவில் இழுக்கும். பத்துக்கு 400. அந்த ஒரு பேட்டரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், இரண்டு பீரியடுக்குப் போதும். பழைய பெரிய சி.பி.யு. வாங்கினால் இன்வெர்ட்டர் செலவு ஏறிவிடும்.

மின்னல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது மலையடிவாரம். ஐப்பசியில் மதியம் மூன்று மணிக்கு மேல் பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்தால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் லைன் வழியாக வருவதைவிட, இரண்டு கட்டடத்துக்கு நடுவே இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாகவும் பழைய செம்புத் தொலைபேசி லைன் வழியாகவும் வந்து போனவைதான் என் கடையில் அதிகம். கட்டடத்துக்குக் கட்டடம் கேபிள் இழுக்காதீர்கள், வைஃபை போதும். இன்டர்நெட் எடுத்தால் ஃபைபரில் எடுங்கள், கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. எர்த் குழியைக் கரியும் உப்பும் போட்டு ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள், பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மெஷினை இறக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், பள்ளி விடும்போது மெயின் பிளக்கைக் கையால் உருவிவிட்டுப் போகிற பழக்கம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

குட்டி சர்வர் என்றேனே, அது ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29-ல் 35 டாலருக்கு வந்த, உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். பிரிட்டனில் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் பழக்க என்றே செய்தது. பத்தையும் அதிலேயே வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கரண்ட் சட்டென்று போனால் மெமரி கார்டு கெடுகிற தொல்லை அதில் உண்டு, இங்கே இறங்கும்போது விலையும் கூடும், அதனால் ஒன்று போதும். அதில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இன்டர்நெட் இல்லாமலே பத்து மெஷினிலும் படிக்கலாம். அரசுப் பாடநூல்களின் பி.டி.எஃப். எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றி வைக்கலாம். மழையில் நெட் போனாலும் வகுப்பு நிற்காது.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸ் இருக்கிறது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் இருக்கிறது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று வருமே, அதில் சொல்லும் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருள் ஓடும். புரோகிராமிங் பழக ஸ்க்ராட்ச் ஓடும், சின்னவர்கள் படம் வரைய டக்ஸ் பெயின்ட். முதல் மாதம் இதையெல்லாம் தொட வேண்டாம். தமிழ்99 கீபோர்டு மட்டும் பழக்குங்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தட்டச்சு முறை. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். க அடித்து இ அடித்தால் கி. நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒழுங்கிலேயே விரல் போகும், ஆங்கில எழுத்து வழியே சுற்றிப் போக வேண்டியதில்லை. பிள்ளை தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் திரையில் தமிழில் பார்க்கிற அந்த முதல் நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

32 பேரை 16 பேராகப் பிரித்து, ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். எட்டு மெஷினில் வகுப்பு நடக்கும். ஒன்பதாவது உங்களுக்கு, பத்தாவது பழுதானால் மாற்றிவைக்க. ஒருவர் அடிக்க மற்றவர் சொல்ல, பத்து நிமிடத்துக்கு ஒருதடவை இடம் மாற வேண்டும். தனியாக உட்காரும் பிள்ளை மாட்டிக்கொண்டால் மௌனமாகிவிடும். இரண்டு பேர் என்றால் வாயைத் திறந்து கேட்டுக்கொள்வார்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு, களியக்காவிளையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். கேரளத்தில் 2001-லேயே ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள், இப்போது கைட் என்று பெயர். அவர்கள் செய்த நல்ல காரியம், கம்ப்யூட்டருக்குத் தனி ஆளைத் தேடாமல் கணக்கு டீச்சருக்கும் மலையாள டீச்சருக்கும் பயிற்சி கொடுத்தது. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றமும் தொடங்கினார்கள். பள்ளிக்கூட மெஷின்களைப் பராமரிப்பதில் அந்தப் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள். நீங்களும் எட்டாம் வகுப்பில் நாலு பேரைப் பிடியுங்கள், அதில் இரண்டு பேராவது பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு பென்சில் ரப்பர், ஒரு நோட்டு. எந்த மெஷினில் என்ன தேதியில் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன், வண்டிக் காசுகூட வேண்டாம்.

லேப் சாவி இரண்டு செய்து, ஒன்றை அந்த நாலு பேரில் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியரைச் சம்மதிக்க வையுங்கள். ஏதாவது கெட்டால் பிள்ளைகள் பொறுப்பல்ல என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தீர்மானமே போட்டுவிடுங்கள்.

எதற்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அந்த அறையின் மீட்டர் போர்டு, ஜன்னல் இருக்கும் திசை, எத்தனை பிளக் பாயிண்ட், கூரை ஓடா காங்கிரீட்டா, இது நாலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஓடு என்றால் மேஜைகளை எந்தப் பக்கம் போடுவது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.